முந்தின நாள் கிளம்பும் வண்டி

ஜூன் மாதம் பிறந்ததும் செம்பூரில் அந்த வீட்டின் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஏறிவிடும். மழைக்காலத்தில் கடல் நாலரை மீட்டருக்கு மேல் எழும் நாட்களின் பட்டியல் அது. மும்பை மாநகராட்சி ஒவ்வோர் ஆண்டும் வெளியிடுவது. தேதி, நேரம், அலையின் உயரம் என்று மூன்று பத்திகள். மீனவர் வீட்டுச் சுவரில் இருக்க வேண்டிய தாள், தோல் பர்ஸும் பெல்ட்டும் செய்து விற்கும் ஒருவர் வீட்டில் எதற்கு? கேட்டால் அவர் உடனே பதில் சொல்வதில்லை. ஜன்னல் பக்கம் போய்க் கீழே நிற்கும் வண்டியைக் காட்டுகிறார்.

ஏழு பேர் உட்காரக்கூடிய டீசல் வண்டி. 2012-ல் புதிதாக வாங்கியது. நாலு சக்கரமும் இழுக்கும் என்பதற்கு அடையாளமாகப் பின்கதவில் சின்னதாக மூன்று எழுத்து. வெயிலில் ஓரம் வெளுத்திருக்கிறது. அந்த வசதிக்காக மட்டும் அன்று கூடுதலாகக் கொடுத்தது ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். "எழுத்துக்கு முப்பத்தைந்தாயிரம். எந்தக் கவிஞருக்கும் யாரும் இவ்வளவு கொடுத்திருக்க மாட்டார்கள்" என்று சிரிக்கிறார்.

அவருக்கு வயது 57. பிறந்தது தாராவி. அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, 1986-ல் தூத்துக்குடி மாவட்டத்தோடு போய்விட்ட ஒரு கரிசல் கிராமத்திலிருந்து அவருடைய அப்பா தோல் பதனிடும் வேலைக்கு வந்தார். தாராவிக்கு நெல்லைச் சீமையிலிருந்து பலர் வந்து சேர்ந்தது அந்த வேலையை நம்பித்தான். பதனிடும் தொழில் பின்னாளில் அங்கிருந்து வெளியேறிவிட்டது. பதனிட்ட தோலை வெட்டித் தைக்கும் பட்டறைகள் தங்கிவிட்டன. அவற்றில் ஒன்று இவருடையது. ஆறு தையல் மெஷின், ஒன்பது ஆட்கள்.

தாராவியில் பிறப்பது, மாட்டுங்காவில் பிள்ளையைப் படிக்க வைப்பது, செம்பூரில் ஃபிளாட் வாங்குவது. மும்பையில் தலையெடுத்த பல தமிழ்க் குடும்பங்களின் கதை இந்த மூன்று ஊர்ப் பெயரில் அடங்கிவிடும். மூன்றும் ஏழெட்டுக் கிலோ மீட்டருக்குள் இருக்கின்றன. ஏறி வருவதற்கு இரண்டு தலைமுறை ஆகிறது. இவர் 2001-ல் செம்பூருக்கு வந்தார். மனைவி வந்தார், மகள் வந்தாள். அம்மா வரவில்லை. தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், பத்துக்குப் பதினைந்து அறையும் மேலே ஒரு பரணுமாக இருந்த பழைய வீட்டிலேயே தங்கிவிட்டார். "மூணாம் மாடியில உக்காந்து யாரு மூஞ்சியப் பாக்க?" என்பது அவருடைய வாதம். அதற்கு இன்று வரை மகனிடம் பதில் இல்லை.

வண்டியின் கதை அந்த அறையில் தொடங்குகிறது.

2005 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. அப்போது அவரிடம் இருந்தது ஒரு சின்ன பெட்ரோல் கார். மகளுக்கு எட்டு வயது, மாட்டுங்காவில் மூன்றாம் வகுப்பு. பிற்பகலில் வானம் இருண்டதும் பள்ளிக்கூடத்துக்குப் போய் மகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கிங்ஸ் சர்க்கிளைத் தாண்டவில்லை. முன்னால் நின்ற வண்டிகள் நகரவில்லை. சக்கரம் வரை இருந்த தண்ணீர் அரை மணியில் கதவுக்கு ஏறியது. கார் தானாகவே அணைந்தது. கண்ணாடி இறங்கவில்லை. கதவைத் தள்ளினால் வெளியே இருந்து தண்ணீர் தள்ளியது.

அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 944 மில்லிமீட்டர். அதே நாளில் தெற்கே கொலாபாவில் 73 மில்லிமீட்டர்தான். மும்பையின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும்படி, அதுவும் கடல் இறங்கியிருக்கும் நேரத்துக்காகக் கட்டப்பட்டவை. அன்று பிற்பகல் மூன்று மணி சுமாருக்குக் கடலும் ஏறியிருந்தது. விஹார், பவாய் ஏரிகளின் உபரி நீரைக் குர்லா வழியாகவும் தாராவியின் ஓரமாகவும் மாஹிம் கழிமுகத்துக்குக் கொண்டுபோகும் மிட்டி ஆறு, போக வழியில்லாமல் ஊருக்குள் திரும்பியது. நகரில் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மூடிய காருக்குள் மூச்சுத் திணறி இறந்தவர்களும் அதில் உண்டு. மும்பைக்காரர்கள் பலர் அதற்குப் பிறகுதான் காரில் ஒரு சுத்தியல் வைத்துக்கொள்ளப் பழகினார்கள்.

இவருக்குச் சுத்தியலாக வந்தது முகம் தெரியாத ஒருவருடைய கை. பேவர் கல்லால் பின்பக்கக் கண்ணாடியை உடைத்தார். முதலில் மகளை வாங்கிக்கொண்டார், பிறகு இவரை இழுத்தார். பெயர் கேட்கும் முன் அடுத்த காருக்குப் போய்விட்டார். மகளைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து, விளக்கு எரியாத ஒரு பழைய கட்டடத்தின் படிக்கட்டில் ஏறி நின்றார். முதல் மாடிக் கதவு திறந்தது. மெழுகுவர்த்தியோடு ஒரு வயதான அம்மாள். "கொழந்தைக்கு மொதல்ல தலை துவட்டுங்கோ" என்று ஒரு துண்டை நீட்டினார். அவர் எந்த ஊர், என்ன ஜாதி என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. 36 வருஷம் அதே நகரத்தில் இருந்தும் மாட்டுங்காவில் ஒரு வீட்டுக்குள் அவர் சாப்பிட உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ரசம் சாதம்.

ஆனால் அந்த ராத்திரி அவருக்குத் தூக்கமில்லை. இரண்டு கிலோ மீட்டர் தூரத்தில் அம்மா. போன் செத்துவிட்டது. காலையில் மகளை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போய்ப் பார்த்தபோது கீழறையில் மார்பளவுக்குச் சேற்றுக் கோடு. அம்மா பரணில் உட்கார்ந்திருந்தார், பக்கத்து வீட்டு இரண்டு குழந்தைகளை மடியில் கிடத்திக்கொண்டு. மகனைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "புள்ள எங்க?" இரண்டாவது கேள்வி, "ஏம்யா, இவ்வளவு நேரமா?"

அந்த இரண்டாவது கேள்விதான் ஏழு வருஷம் கழித்து ஒரு பெரிய வண்டியாக வீட்டு வாசலில் வந்து நின்றது.

இந்த மாதிரி வண்டிகள் வெள்ளத்துக்காகப் பிறந்தவை அல்ல. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் நமக்கு முதலில் தெரிந்தது ஜீப். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1940-களின் பின்பகுதியில், வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் கூட்டத் தொடங்கியது மஹிந்திரா நிறுவனம். வனத்துறை, மின்வாரியம், போலீஸ், எஸ்டேட் மேனேஜர் என்று அது அதிகாரத்தின் வண்டியாகவே இருந்தது. அதில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவது இடுப்பு எலும்புக்குச் சோதனை. 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸியும் அந்த வகைதான்.

ஜீப்பின் காலையும் காரின் உடம்பையும் சேர்த்துக் குடும்ப வண்டியாக்கும் யோசனை பனி கொட்டும் ஊர்களில் வளர்ந்தது. ஜப்பானின் வடகிழக்கில் மின் கம்பிகளைப் பழுது பார்க்கப் போகிறவர்களுக்கு ஜீப் குளிராகவும் சிரமமாகவும் இருந்தது. தொஹோகு மின்சார நிறுவனம் கேட்டுக்கொண்டதையொட்டி ஒரு சாதாரண வேனுக்கு நாலு சக்கர இழுவை பொருத்திப் பார்த்தார்கள். அதிலிருந்து 1972-ல் சுபாரு லியோன் எஸ்டேட் வேன் வந்தது. பிறகு அமெரிக்காவின் பனி மாநிலங்களில் அந்த வகை வண்டி குடும்பங்களின் செல்லப் பிள்ளையானது. அப்படிப்பட்ட ஒரு ஊரில் இருக்கும் மனைவியின் அண்ணன்தான் இவருக்குத் தொலைபேசியில் உபதேசம் செய்தவர். "மாப்ளே, பனியிலே ஒரு நாள்கூட என்னைக் கைவிட்டதில்லே. வாங்கினா இந்த மாதிரி வாங்குங்க." பனியில் கைவிடாத வண்டி மழையில் மட்டும் கைவிடுமா என்று இவர் நினைத்துக்கொண்டார். அவர்கள் இருவரும் பேச மறந்த வித்தியாசத்தின் விலை பின்னால் தெரிந்தது.

வண்டி வந்த அன்று செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலில் பூஜை. எலுமிச்சம் பழத்தின் மேல் நாலு சக்கரத்தில் எதை ஏற்றுவது என்று டிரைவருக்கும் குருக்களுக்கும் சந்தேகம் வந்தது. "எல்லாம் இழுக்குமாமே, நாலுக்கும் வைங்க" என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். அதன் பிறகு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, உயரத்திலிருந்து சாலையைப் பார்த்தபடி, "பஸ்ஸு மாதிரி இருக்கு" என்றார். புகழ்ச்சியா குறையா என்று தெரியவில்லை.

புகழ்ச்சி சொல்ல நிறைய இருந்தது. அம்மா, மனைவி, மகள், மனைவியின் தங்கை குடும்பம் என்று ஏழு பேரும் ஒரே வண்டியில் கோயிலுக்குப் போக முடிந்தது. குறைகள் மெதுவாக வந்தன. தாராவிச் சந்துக்குள் வண்டி நுழையாது. தொண்ணூறடி ரோட்டில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். மாட்டுங்காவின் பழைய கட்டடங்கள் கார் இல்லாத காலத்தில் எழும்பியவை. பூ மார்க்கெட் பக்கம் நிறுத்த இடம் தேடுவதற்குள் பூ வாடிவிடும். இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் அதே வண்டியை வைத்திருக்கும் நண்பரைவிட இவருக்கு டீசல் செலவு எப்போதும் ஒரு பிடி அதிகம். இழுக்காத நேரத்திலும் பின் அச்சையும் அதற்குச் சக்தி கொண்டுபோகும் தண்டையும் வண்டி சுமந்தே தீர வேண்டும்.

டயர் விஷயம் அவருக்குப் புதிய பாடம். மூன்றாம் வருஷம் முன் டயர் இரண்டும் தேய்ந்தபோது வழக்கம்போல் இரண்டை மட்டும் மாற்றினார். மாற்றிய கொஞ்ச நாளில் அடியிலிருந்து ஒரு முனகல். தாராவியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் தம்பி, நாசரேத் பக்கத்துப் பையன், சுண்ணாம்புக் கட்டியால் டயரைச் சுற்றி ஒரு கோடு போட்டுக் காட்டினான். புது டயரின் சுற்றளவு பெரிது, பழையதன் சுற்றளவு சிறிது. நேரான சாலையில் போகும்போதும் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். சக்கரம் வழுக்குகிறது என்று வண்டி ஏமாந்துபோய் நடுவில் இருக்கும் இணைப்பை ஓயாமல் வேலை வாங்கும். அது சூடேறிக் கெடும். "அண்ணாச்சி, இந்த வண்டிக்கு டயருன்னா நாலும் சேர்த்துத்தான். கல்யாணத்துக்குத் துணி எடுக்கிற மாதிரி, ஒருத்தருக்கு மட்டும் எடுத்தா வீட்ல சண்டை" என்றான்.

வண்டி தன் பெயருக்கு நியாயம் செய்தது ஒரே ஒரு நாள். 2014 தீபாவளி விடுமுறையில் ஊருக்குப் போனார்கள். புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், சேலம், மதுரை. ஆயிரத்து அறுநூறு கிலோ மீட்டர் சொச்சம், நடுவில் இரண்டு ராத்திரி. கோலாப்பூரைத் தாண்டியதும் அம்மா கேட்டார்: "உங்கப்பன் இந்தத் தூரத்தையா ரயில்ல நின்னுக்கிட்டே வந்தாரு?" தரையில் கால் வைக்க இடமில்லாத பெட்டியில் வந்த மனுஷன் என்று அந்தக் கதையை அம்மா சேலம் வரை சொல்லிக்கொண்டு வந்தார். மகள் அதுவரை கேட்டிராத கதை. ரயிலில் போயிருந்தால் ஆளுக்கொரு பெர்த்தில் தூங்கியிருப்பார்கள்.

ஊரில் ஐப்பசி மழை. குலதெய்வம் சாஸ்தா கோயில், தார் ரோட்டிலிருந்து முக்கால் கிலோ மீட்டர் காட்டுக்குள். கரிசல் மண்ணைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். காய்ந்தால் பிளந்து நிற்கும். நனைந்தால் செருப்பைக் காலோடு பிடித்துக்கொள்ளும். நடந்து போகலாம் என்றால் அம்மாவின் முழங்கால் ஒத்துழைக்காது. வாசலில் நின்ற சித்தப்பா, "மாட்டு வண்டியே போகாதுடே" என்றார்.

இவர் முதல் கியரில் போட்டார். வழுக்கல் சாலைக்கான பட்டனை அழுத்தினார். நிற்காமல், அவசரப்படாமல், ஸ்டியரிங்கைத் திருகாமல் போனார். சாதாரண நேரத்தில் இந்த வண்டியை முன் சக்கரங்கள்தான் இழுக்கும். அவை சுற்றி வழுக்கத் தொடங்கியதும், நடுவில் உள்ள இணைப்பு இறுகி, இழுவையில் ஒரு பங்கைப் பின் சக்கரங்களுக்கு அனுப்பும். அன்று அது நடந்ததை உட்கார்ந்திருந்தவர்கள் முதுகில் உணர்ந்தார்கள். முன்பக்கம் ஒரு கணம் தத்தளித்தது, பின்னாலிருந்து யாரோ தோள் கொடுத்துத் தள்ளியது போல் வண்டி நிமிர்ந்தது. பின்னால் வந்த வாடகை கார் பாதி வழியில் புதைந்தது. அதைக் கயிறு கட்டி இழுத்ததும் இந்த வண்டிதான். கோயில் வாசலில் இறங்கிய அம்மா, சாமியைக் கும்பிடும் முன் வண்டியின் பானட்டைத் தொட்டுக் கும்பிட்டார். மகள் அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

"அன்னிக்கு வந்த தைரியம்தான் என்னைக் கெடுத்தது" என்கிறார் அவர்.

2017 ஆகஸ்ட் 29. அதுவும் செவ்வாய்க்கிழமை. பிள்ளையார் சதுர்த்தி முடிந்து ஐந்தாம் நாள். காலையிலிருந்தே மழை. மத்தியானத்துக்குள் லோக்கல் ரயில்கள் நின்றுவிட்டன. மகளுக்கு இருபது வயது, மாட்டுங்காவில் கல்லூரி. போனில் சொன்னாள்: "அப்பா, நான் பார்த்துக்கறேன். நீங்க வராதீங்க." மனைவியும் தடுத்தார். தாராவியிலிருந்து பக்கத்து வீட்டுப் பையன் கூப்பிட்டு, சந்துக்குள் தண்ணீர் வருகிறது, பாட்டி நகர மாட்டேன் என்கிறார் என்றான். அதன் பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய கேள்விக்கு இன்று பதில் சொல்லிவிடலாம் என்று சாவியை எடுத்தார்.

சயான் வரை பிரச்சினை இல்லை. இரண்டு இடத்தில் முழங்கால் தண்ணீர், இரண்டையும் தாண்டினார். ஓரம் கட்டி நின்ற சின்னக் கார்களைப் பார்க்கும்போது மனதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மழைக்காலச் செய்திகளில் தவறாமல் வரும் காந்தி மார்க்கெட் பக்கம் தண்ணீர் ஹெட்லைட்டுக்குக் கீழே நின்றது. முதல் கியர், நிற்காமல், அவசரப்படாமல். கரிசலில் பலித்த அதே வித்தை. பாதி வழியில் எதிரே ஒரு பஸ் வந்தது. அது கிளப்பிய அலை பானட்டின் மேல் ஏறி இறங்கியது. இன்ஜின் இருமிவிட்டு நின்றது.

சேற்றில் வண்டிக்குத் தேவை பிடி. தண்ணீரில் தேவை மூச்சு. எத்தனை சக்கரம் இழுத்தாலும், இன்ஜின் காற்றை உறிஞ்சும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுவே வண்டியின் கழுத்து. அதற்கு மேல் தண்ணீர் வந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. மேலே வரும் பிஸ்டன் பாறையில் மோதியது போல் மோதும், கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரில் நின்ற வண்டியை அப்படியே விட்டுவிட்டு இறங்கியிருந்தால் சேதம் குறைந்திருக்கலாம். இவர் பதற்றத்தில் செல்ஃப் எடுத்தார். ஒரு தடவை, "கடக்" என்று உலோகச் சத்தம். இன்னொரு தடவை. தண்ணீருக்குள் நின்று வேடிக்கை பார்த்த ஒருவர், "செல்ஃப் மத் மாரோ, சேட்!" என்று கத்தியது அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது.

அதே சாலையில், 2005-ல் நின்ற இடத்திலிருந்து அதிக தூரமில்லை. இந்தத் தடவை கண்ணாடியை இறக்க முடிந்தது. இறங்கி நடந்தார். மாட்டுங்கா லேபர் கேம்ப் வழியாகத் தாராவிக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது.

சந்துக்குள் கணுக்காலளவு தண்ணீர்தான். அம்மா பரணில் இருந்தார். பக்கத்தில் மகள், பாட்டியின் கால்விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கல்லூரியிலிருந்து தோழிகள் இரண்டு பேரோடு அவள் நடந்தே வந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்கார வைத்துப் பாட்டியை மேலே ஏற்றி, அரிசிப் பானையையும் ஏற்றிவிட்டாள். தொப்பலாக நின்ற மகனை அம்மா மேலிருந்து பார்த்தார். "வண்டி எங்கய்யா?" என்றார். நின்றுவிட்டது என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நாலு சக்கரமும் இழுக்குமாமே. எத இழுக்கும், வெள்ளத்தையா?" என்று சொல்லிவிட்டு, "மேல ஏறி வா, தலையத் தொவட்டு" என்றார்.

மறுநாள் வண்டியை எடுக்க வந்த கிரேன்காரர் முன் சக்கரங்களைத் தூக்கிவிட்டுப் பின் சக்கரங்களை உருட்டிக்கொண்டு போகப் பார்த்தார். அந்த நாசரேத்துத் தம்பிதான் குறுக்கே நின்று தடுத்தான். நாலு சக்கரமும் ஒன்றோடொன்று பிணைந்த வண்டியில் இரண்டை நிறுத்தி இரண்டை உருட்டினால், தப்பித்த பாகமும் போய்விடும். நாலும் தரையில் படாமல் லாரி மேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அதற்கு வாடகை இரண்டு மடங்கு. வண்டியை ஓட்டுவதற்கு மட்டுமல்ல, ஓட்டாமல் இருப்பதற்கும் செலவு அதிகம் என்று அவருக்குப் புரிந்தது.

இன்ஜினைப் பிரித்தபோது ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தது. இரண்டு ராடு வளைந்திருந்தன. பில் ஒன்றே முக்கால் லட்சத்தைத் தாண்டியது. இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலிருந்து வந்த சர்வேயர் மரியாதையானவர். சீட், தரைவிரிப்பு, ஒயரிங், சுத்தம் செய்த செலவு எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார். இன்ஜினுக்கு மட்டும் இல்லை என்றார். வெள்ளம் வண்டியைக் கெடுத்தால் அது விபத்து. தண்ணீர் புகுந்த இன்ஜினை மறுபடி கிளப்பப் போய்க் கெட்டால் அது பின்விளைவு, சாதாரண பாலிசியில் அதற்கு இடமில்லை. அதற்கென்றே இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்க்கை உண்டு. பாலிசி புதுப்பிக்கும்போது ஏஜென்ட் சொல்லியிருந்தார். சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க, "நம்ம வண்டிக்கு எதுக்கு? நாலு சக்கரமும் இழுக்குமே" என்று இவர்தான் வேண்டாம் என்றார்.

வண்டி பட்டறையில் கிடந்த ஐந்து வாரத்தில்தான், வாங்கிய நாளிலிருந்து டேஷ்போர்டுப் பெட்டிக்குள் உறையோடு இருந்த கையேட்டை அவர் முதல் தடவையாகப் படித்தார். எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் வரை போகலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அலை எழுந்தால் அந்த அளவு செல்லாது என்றும் எழுதியிருந்தது. கம்பெனியின் மேல் கோபப்பட அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. விளம்பரத்தில் ஆற்றைக் கடந்த வண்டியை நம்பினார், கையேட்டில் கடக்க முடியாது என்ற வரியைப் பார்க்கவில்லை.

விற்றுவிடலாம் என்று மனைவி சொன்னார். வெள்ளத்தில் நின்ற வண்டி என்று தெரிந்ததும் வந்தவர்கள் பாதி விலை கேட்டார்கள். அதனால் மட்டுமே அது தங்கிவிட்டது என்று சொன்னால் உண்மை ஆகாது. பழுது பார்த்து வந்த முதல் கிருத்திகைக்கு அம்மா தொண்ணூறடி ரோட்டு முனையில் பட்டுப் புடவையோடு காத்துக்கொண்டிருந்தார். முன் சீட்டில் ஏற, அந்தத் தம்பி பட்டறையில் வெட்டிக் கொடுத்த மரப்படி ஒன்று வண்டிக்குள் எப்போதும் கிடக்கும். அந்தப் படியை எடுத்துப் போட்டபோது விற்கும் பேச்சு முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் ஃபிரிட்ஜ் கதவில் தாள் ஏறியது. பெரிய அலை எழும் தேதியும் வானிலை இலாகாவின் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கையும் சேர்ந்து வந்தால், அதற்கு முந்தின நாளே, சாலை காய்ந்திருக்கும்போதே, அவர் தாராவிக்குப் போகிறார். அம்மாவை ஏற்றிக்கொண்டு செம்பூருக்கு வருகிறார். வரும் வழியில் பட்டறை ஆட்களில் யார் வீடு தாழ்வாக இருக்கிறதோ அவர்களுடைய பிள்ளைகளும் ஏறிக்கொள்கிறார்கள். ஏழு இருக்கை என்று பதிவுப் புத்தகம் சொல்கிறது. பின்னால் எத்தனை பேர் என்று அவர் எண்ணுவதில்லை. வண்டியை மேடான இடத்தில் நிறுத்திவிட்டு, சாவியை மனைவியிடம் கொடுத்துவிடுகிறார். மழை விட்டுத் தண்ணீர் வடியும்வரை அதைக் கேட்பதில்லை என்பது ஒப்பந்தம். 2024 அக்டோபரில் சென்னையில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திய படத்தைப் பார்த்துவிட்டு, "விவரமான ஆளுங்க" என்றார்.

முந்தின நாள் போவதற்கு நாலு சக்கர இழுவை தேவையே இல்லை. நண்பரின் சாதாரண வண்டியோ, ஒரு டாக்ஸியோ போதும். அது அவருக்கும் தெரியும். சில தடவை எச்சரிக்கை வந்து மழை வருவதில்லை. பளபளவென்று வெயில் அடிக்கும். அம்மா செம்பூர் பால்கனியில் உட்கார்ந்து, "சும்மா கெடந்தவளக் கூட்டியாந்து அடச்சி வச்சிட்டான்" என்று போனில் தாராவித் தோழிகளிடம் முறையிடுவார். மகன் மறுப்புச் சொல்வதில்லை.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. 2027-ல் வண்டிக்கு 15 வருஷம் நிறைந்து பதிவுக் காலம் முடிகிறது. தகுதிச் சோதனையில் தேறினால் நீட்டிக்கலாம். நாலு டயரும் சேர்த்துப் போன வருஷம்தான் மாற்றினார். இன்ஜின் பாதுகாப்புச் சேர்க்கை வேண்டும் என்று கேட்டால், இவ்வளவு பழைய வண்டிக்கு அதெல்லாம் தருவதில்லை என்கிறார்களாம்.

மழைக்காலத்தில் அவர் கிளம்பும்போது அம்மாவுக்கு ஒரு போன் செய்வார். "இன்னும் மழையே வரலியே, அதுக்குள்ள வந்துட்டியா?" என்று அந்தப் பக்கம் சலிப்பாக ஒரு குரல் கேட்கும். ஏன் இவ்வளவு நேரம் என்று ஒரு நாள் கேட்ட அதே குரல். அவர் போனை வைத்துவிட்டு மரப்படியை எடுத்து வண்டிக்குள் போடுகிறார்.